இரண்டு வண்டிகள், ஒரு பாலாறு, அப்பாவின் மாலைச் சாப்பாடு

2009 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காஞ்சிபுரத்திலிருந்து திருமுக்கூடல் தாண்டி இருக்கும் என் அத்தை வீட்டுக்கு இரண்டு சின்ன எஸ்யூவி வண்டிகளில் போய் வந்தோம். போக 34 கிலோமீட்டர். இரண்டில் எதை வாங்குவது என்று முடிவு செய்வதற்காகப் போன பயணம் அது. இந்த வலைப்பூவில் நான் கோயில், குளம், சாலை என்று எழுதிக்கொண்டிருந்தாலும் மாதத்துக்கு இரண்டு பேராவது "குடும்பத்தோடு சுற்ற எந்த வண்டி சார் வாங்கலாம்?" என்று கேட்டுவிடுகிறீர்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் இந்தப் பயணம்தான். இத்தனை வருடம் எழுதாமல் இருந்ததற்கு சோம்பேறித்தனம் பாதிக் காரணம். எழுத உட்கார்ந்தால் அப்பா நினைவு வந்துவிடும் என்பது மீதி.

முதலிலேயே ஒன்று. வண்டிகளின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் பின்னூட்டத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்வீர்கள். ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை. அது போதும்.

வண்டி எனக்காக வாங்க நினைத்தது இல்லை. நான் வேலை பார்த்த ஏனாத்தூருக்குப் பிள்ளையார்பாளையத்திலிருந்து பைக்கில் போய் வருவேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வண்டி தேவைப்பட்டது அப்பாவுக்கு. நாங்கள் தமிழ்ச் சமணர்கள். அம்மா போன பிறகு கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு அப்பா எங்களோடு வந்து இருந்தார். அப்போது அவருக்கு எழுபது வயது. விடிந்ததும் திருப்பருத்திக்குன்றம் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வாயில் தண்ணீர் படவேண்டும். மாலையில் பொழுது இறங்குவதற்கு முன் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் மறுநாள் கோயில் முடிகிறவரை ஒரு பருக்கை கிடையாது, ஒரு மிடறு தண்ணீர் கிடையாது. எங்கள் தலைமுறையில் நாங்கள் அங்கங்கே தளர்த்திக்கொண்டோம். அப்பா ஒரு நூல்கூடத் தளர்த்தவில்லை. இதோடு சர்க்கரை வியாதி வேறு. மாத்திரை போட்ட அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும்.

அவருக்கு ஒரே தங்கை, பத்மாவதி அத்தை. முட்டிவலியால் பஸ் ஏற முடியாதவள். அப்பாதான் பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடுவார். அங்கே ராத்திரி தங்கமாட்டார், விடியற்காலைக் கோயில் இருக்கிறதே. ஒரு முறை திரும்பி வரும்போது பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. மாத்திரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர் அப்படியே இருட்டும்வரை உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி முழுக்கப் பட்டினி. மறுநாள் காலை கோயில் வாசலில் மயங்கி விழுந்தார். அதோடு அவருக்கு வெளியூர்ப் பயணம் என்றாலே பயம் வந்துவிட்டது. கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் "நீங்க போய்ட்டு வாங்கப்பா" என்பார். இரண்டு வருடம் தங்கையைப் பார்க்கவில்லை. வாடகைக் கார் வைத்துப் போகலாம் என்றால், "வாடகை வண்டியில போய் தங்கச்சி வூட்ல எறங்க நான் இன்னா மாப்பிள்ளையா?" என்று முறைப்பார். சொந்த வண்டி இருந்தால் வருவாரா என்று கேட்டேன். அதற்கு முறைக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் வண்டி தேட ஆரம்பித்தேன்.

ஷோரூமில் ஓட்டிப் பார்க்கக் கொடுப்பார்கள்தான். வழவழவென்ற சாலையில் மூன்று கிலோமீட்டர் ஓட்டவிட்டு, குளிர்பானம் கொடுத்து அனுப்புவார்கள். பத்திரிகைக்காரர்களோ நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடுகிறது என்று எழுதுவார்கள். எங்கள் ராஜவீதியில் அந்த வேகத்தைத் தொட வேண்டுமென்றால் முதலில் முன்னால் நிற்கும் மாட்டிடம் கேட்க வேண்டும். எனவே சொந்தக்காரர்களிடம் இரவல் வாங்கி, போக வேண்டிய வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

பச்சை, என் தங்கை கணவர் தனபாலுடையது. வாலாஜாபாத்தில் அரிசி ஆலை வைத்திருக்கிறார். டீசல் வண்டி, நல்ல உயரம். ஸ்டெப்னி பின்கதவில் தொங்கும். பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு சீட். வெள்ளை, என்னோடு வேலை பார்த்த சின்ன காஞ்சிபுரம் வரதனுடையது. வாங்கி மூன்று மாதம், சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. பெட்ரோல் வண்டி, உயரம் கொஞ்சம் குறைவு, குலுக்கல் இல்லை. பின் சீட்டை மடக்கினால் சமதளமாகிவிடும், பின்கதவு மேல்பக்கமாகத் திறக்கும். விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. போகும்போது பச்சையில் நானும் அப்பாவும் தனபாலும், வெள்ளையில் வரதன் தனியாக. வரும்போது வெள்ளையில் நானும் அப்பாவும் வரதனும், பச்சையில் தனபால் தனியாக. அப்பா ஏறும் வண்டியை நான்தான் ஓட்டுவேன். ஒரே ஓட்டுநர், ஒரே பயணி. இதைவிட நியாயமான பரீட்சை இருக்க முடியாது என்று எனக்குள் ஒரு பெருமை.

எட்டு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். எங்கள் தெருவில் அன்று காலை பாவு விரித்திருந்தார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பட்டு நூல் இழுத்துக் கட்டியிருக்கும்போது வண்டி உள்ளே வராது. எனவே இரண்டு வண்டிகளும் முனையில் நிற்க, கோயிலிலிருந்து வந்து பலகாரம் சாப்பிட்ட அப்பா, ஒரு பக்கமாக ஒதுங்கி நடந்து வந்தார். வெளுத்த வேட்டி, கையில் துணியில் வடிகட்டிய தண்ணீர் நிறைந்த பெரிய பாட்டில். பச்சையில் ஏறுவதற்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது. மூன்றாவது முறை தனபாலின் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்து, கண்ணாடி வழியாக ஒரு முறை தெருவைப் பார்த்தார்.

"நல்லா உசரமா இருக்குது மாப்ள. ஊரே தெரியுது" என்றார். தனபால் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். முதல் மதிப்பெண் பச்சைக்கு.

வாலாஜாபாத் வரை சாலையில் அங்கங்கே பள்ளம். பச்சை எதையும் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளத்தையும் நமக்கும் எண்ணிக் காட்டியது. பின்பெஞ்சில் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த தனபால் தன் வண்டியின் பெருமையைச் சொல்லிக்கொண்டே இரண்டு முறை கூரையில் தலையை இடித்துக்கொண்டார். வாலாஜாபாத் பஸ் நிலையத்துக்கு எதிரே மூன்று டீ குடித்தோம், மொத்தம் பன்னிரண்டு ரூபாய். அப்பா வண்டியை விட்டு இறங்கவில்லை. அந்தப் பஸ் நிலையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டினி கிடந்த அன்று பஸ் நின்றது அதற்குச் சற்று முன்னால்தான் என்று பிறகு சொன்னார்.

பாலம் வழியாக ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் போனோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடம். அங்கே பெருமாள் கோயில் கல்வெட்டை எல்லோரும் பார்க்க வேண்டும். மாணவர் விடுதியும் மருத்துவசாலையும் நடத்திய கணக்கைச் சோழர் காலத்தில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பாதி நாள் ஒதுக்கிப் போங்கள், காலைதான் நல்லது. அன்று எங்களுக்கு அரை மணிதான் கிடைத்தது. வரதன் மட்டும் உள்ளே போய்ச் சேவித்துவிட்டு நெற்றியில் புது நாமத்தோடு வந்தார். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர். அத்தை வீட்டு வாசலில் நின்றபோது பத்தரை மணி. பச்சையில் அவ்வளவு தூரம் குலுங்கியும் அப்பாவுக்கு இடுப்பு வலி இல்லை. நியாயமாக இதையும் எழுதிவிடுகிறேன்.

அத்தை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா இறங்குவதைப் பார்த்ததும் எழ முயன்றாள், முடியவில்லை. அப்பாவே அருகில் போய் நின்றார். இரண்டு வருடம் பார்க்காதவர்கள் ஏதாவது பெரிதாகப் பேசிக்கொள்வார்கள் என்று நானும் தனபாலும் கொஞ்சம் தள்ளி நின்றோம்.

"இளைச்சிப் போயிட்டியேண்ணா" என்றாள் அத்தை.

"நீ பெருத்துட்ட" என்றார் அப்பா.

அவ்வளவுதான். பிறகு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா அவளுடைய முட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். சும்மா நின்றால் தனபால் கிண்டல் செய்வார் என்று பச்சையின் டயரை உதைத்துப் பார்ப்பதுபோல நடித்தேன்.

மதியம் சுரைக்காய்க் கூட்டு, வாழைப்பூப் பொரியல், மிளகு ரசம். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் சேராத எங்கள் வீட்டுச் சமையலை வரதன் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "எங்காத்துத் தளிகை மாதிரியே இருக்கு. நமக்கெல்லாம் சம்பந்தம் இல்லேன்னு யாரு சொன்னா?" என்றார். சாப்பிட்ட பிறகு அண்ணனும் தங்கையும் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று நான் நாலைந்து முறை சொல்லியிருப்பேன். கிளம்பும்போது மணி நாலரை. "எதுக்கும் இருக்கட்டும்" என்று அத்தை அப்பாவின் மாலைச் சாப்பாட்டை டிபன் கேரியரில் போட்டுக் கொடுத்தாள். அதை வாங்கி வண்டியில் வைத்தவன் நான்தான். காலையில் பச்சையில் வந்த பழக்கம், கால் தானாகப் பச்சையின் பக்கம் போய்விட்டது.

"மச்சான், ஆத்து வழியா போய்ட்டா இருபது நிமிஷம் மிச்சம். மணல் லாரி போற தடம் இருக்குது. எஸ்யூவி வாங்கறவரு ஒரு தடவ மணல்ல ஓட்டிப் பாக்க வாணாமா?" என்றார் தனபால். எனக்கும் ஆசை. வரதன் முகத்தைப் பார்த்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். பார்க்கவில்லை. பச்சை முன்னால் இறங்கிற்று. எருமை குட்டையைக் கடப்பதுபோல நிதானமாக அந்தக் கரை ஏறி, திரும்பிப் பார்க்காமல் போயிற்று. நாங்கள் அதே தடத்தில் இறங்கினோம். பாதி ஆறு தாண்டியிருப்போம், வெள்ளையின் முன்சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. நான் பயந்து ஆக்சிலேட்டரை மிதித்தேன். சக்கரம் தோண்டிக்கொண்டு இறங்கிற்று.

"மிதிக்காதீங்கோ, மிதிக்காதீங்கோ, கிளட்ச் போயிடும்" என்று பின்னாலிருந்து வரதன் கதறினார்.

இறங்கிப் பார்த்தோம். வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்திருந்தது. கையால் மணலைத் தள்ளினோம், மிதியடி விரிப்புகளைச் சக்கரத்துக்கு அடியில் செருகினோம், கரையோரம் நாணலை ஒடித்து வந்து போட்டோம். ஒவ்வொரு முறையும் ஒரு முழம் நகர்ந்து மறுபடி புதைந்தது. கைபேசியில் சிக்னல் இல்லை. தனபால் இதற்குள் வாலாஜாபாத்தில் காத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மணல் லாரியும் இல்லை. நாங்கள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு அப்பா முன் சீட்டிலேயே இருந்தார். ஐந்து மணிக்கு வழக்கம்போல மாத்திரை போட்டுக்கொண்டார். அது எனக்குத் தெரியாது.

அவர் இறங்கி வந்து, "டிபன் எங்கப்பா வச்ச? மாத்திரை போட்டுட்டேன்" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. பின்கதவைத் திறந்தேன். காலியாக இருந்தது. டிபன் கேரியர் பச்சையில் வாலாஜாபாத்துக்குப் போய்விட்டது.

அப்பா மேற்கே பார்த்தார். சூரியன் இன்னும் இரண்டு ஆள் உயரத்துக்கு இருந்தது. நடந்து கரையேறி ஒரு வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் அது இறங்கிவிடும். பஸ்ஸில் மாட்டிய அன்று எப்படி உட்கார்ந்திருந்தாரோ அப்படியே வண்டியின் பின்விளிம்பில் உட்கார்ந்தார். விரல் லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது. இனி ஜென்மத்துக்கும் இவர் வீட்டு வாசலைத் தாண்டமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அதைவிட, மறுநாள் காலை கோயில் வாசலில் மறுபடி விழுந்தால் என்ன செய்வது என்ற பயம்.

வரதன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முன் சீட்டுக்கு எதிரே இருக்கும் மூடி போட்ட சின்ன அறையில் மந்தாரை இலையில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி. வாலாஜாபாத்தில் இருக்கும் தன் சித்திக்குக் கொடுப்பதற்காகக் காலையில் வாங்கி வைத்தது. "உங்கப்பா இன்னொரு கோயில் நைவேத்தியத்தைத் தொடமாட்டாரோன்னோ? அதான் யோசிச்சேன்" என்றார். உண்மைதான். அப்பா மற்ற சுவாமிகளை மரியாதையாகக் கும்பிடுவார். படைத்ததை வாங்கிக்கொள்ளமாட்டார்.

வரதன் பொட்டலத்தோடு அப்பாவிடம் போனார். "அப்பா, இதைக் கோயில்லேர்ந்து வந்ததுன்னு நினைக்க வேண்டாம். சும்மா இட்லி. மிளகு, சீரகம், சுக்குதான் போட்டிருக்கு. வெறும் இட்லின்னு எடுத்துக்கோங்கோ."

அப்பா அவருடைய நாமத்தையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எனக்காக நீ இன்னாத்துக்குப்பா பொய் சொல்ற? உங்க பெருமாள் குடுத்ததுன்னே சொல்லிக் குடு. வாங்கிக்கறேன்."

பின் சீட்டை மடக்கினோம். அப்பா எப்போதும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் சாப்பிடுவார், அதுவும் கால் கழுவிவிட்டு. பாட்டில் தண்ணீரில் காலையும் கையையும் கழுவிக்கொண்டு, பிளாஸ்டிக் உறை போட்ட அந்தச் சமதளத்தில் ஏறி உட்கார்ந்தார். தலை இடிக்கவில்லை. மேலே திறந்த கதவு கூரைபோல நின்றது. கண்ணை மூடி ஒரு நிமிடம் எதையோ சொல்லிக்கொண்டு, கோயில் இட்லியைக் கட்டை விரலால் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டார். எங்களுக்கும் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். கடைசி மிடறு தண்ணீர் குடித்து வாய் கொப்பளித்தபோது சூரியன் பாதி இருந்தது. விரல் நடுக்கம் நின்றிருந்தது.

நன்றாக இருட்டிய பிறகு பச்சையின் விளக்கு கரையில் தெரிந்தது. தனபால் டிபன் கேரியரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடி வந்தார். "மாமா, மாமா, சாப்பாடு என்கிட்டயே இருந்துச்சி. வாலாஜாபாத் போயிதான் பாத்தேன்."

"பசியாறியாச்சி மாப்ள. நீங்க சாப்புடுங்க" என்றார் அப்பா.

பச்சை கயிறு கட்டி இழுத்ததில் வெள்ளை ஒரே இழுப்பில் வெளியே வந்தது. "மச்சான், பாத்துக்கினீங்க இல்ல? மாட்டினது எது, இழுத்தது எது?" என்று தனபால் வாலாஜாபாத் வரை போனில் சொல்லிக்கொண்டே வந்தார். வரதன் சீட்டு உறையிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டே வந்தார். வண்டிக்குள் எல்லா இடுக்கிலும் மணல்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அத்தைக்குப் போன் செய்தார். எங்களைக் காணாமல், ஆற்றில்தான் மாட்டிக்கொண்டோம் என்று பதறிய தனபால் ஏற்கெனவே அங்கே போன் செய்து, அண்ணனும் சாப்பாடும் வேறு வேறு வண்டியில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லியிருந்தார். அதுவும் பொழுது இருக்கும்போதே. அப்பா, "நான் சாப்பிட்டேன், நீ?" என்று கேட்டார். "நீ பட்டினியா ஆத்துல நின்னுக்கினு இருப்ப. நான் மட்டும் எப்டிண்ணா சாப்புடுவேன்?" என்றாள் அத்தை. எனக்கே கேட்டது. அவளுக்கும் விடிகிறவரை தண்ணீர்கூட இல்லை.

அப்பா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "காலைல வண்டி கெடைக்குமாப்பா?"

"எந்த வண்டிப்பா?"

"வெள்ளை."

வரதனிடம் போனில் கேட்கவே கூச்சமாக இருந்தது, இருந்தும் கேட்டேன். ஆறு மணிக்கு அவரே வண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார். திருப்பருத்திக்குன்றத்தில் கதவு திறக்கும்போதே அப்பா நின்றார். கும்பிட்டு முடித்ததும், வீட்டில் கட்டிக் கொடுத்த இட்லியோடு நேராக அத்தை வீடு. இந்த முறை பாலத்து வழி, ஒரு மணி நேரம் பத்து நிமிடம். வண்டியைப் பின்பக்கமாக வாசலில் நிறுத்திக் கதவைத் தூக்கினேன். தரையில் உட்காரவும் முடியாத, பச்சையின் உயரத்துக்கு ஏறவும் முடியாத அத்தைக்கு அந்த விளிம்பு நாற்காலி உயரத்தில் சரியாக இருந்தது. முட்டியை மடக்காமல் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். அப்பா அவளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டுக்கொண்டார். இரண்டு பேருக்கும் அன்றைக்கு அதுதான் முதல் கவளம்.

"சாயந்திரம் பொழுதுக்குள்ள வூட்டுக்குப் போயிடுவியாண்ணா?" என்று அத்தை கேட்டாள்.

"போனா போறேன். இல்லன்னா வழியில நிறுத்திச் சாப்புடறேன்" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "இதையே வாங்கிடுப்பா" என்றார்.

வாங்கினோம். அதே வகையில் புது வண்டி. தனபாலுக்கு இன்றுவரை ஆறவில்லை. அவர் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்தால் பச்சைதான் நல்ல வண்டி. டீசல் லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் கொடுத்தது, வெள்ளை பெட்ரோலில் பதினொன்றைத் தாண்டவில்லை. பள்ளத்துக்கும் மணலுக்கும் பச்சை பயப்படாது. கிராமச் சாலையில் தினம் சுமையோடு ஓடுகிறவர்கள் யோசிக்காமல் அப்படிப்பட்டதை வாங்கலாம். வெள்ளை மாதிரி வண்டியோடு ஆற்று மணலில் இறங்காதீர்கள். இறங்கிவிட்டால் டயரில் காற்றைக் குறையுங்கள், ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், நாணலைவிடச் சாக்கு நன்றாகப் பிடிக்கும். இரண்டு வண்டிகளில் சேர்ந்து போனால் ஆள் மாறும்போது சாப்பாடும் மாறிற்றா என்று பாருங்கள். வண்டியில் அதிகம் ஏறப்போகிறவரை ஷோரூமுக்குக் கூட்டிப்போவதைவிட, அவர் போக ஆசைப்படும் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். அவருக்குப் பசிக்கிற நேரம்வரை கூட இருங்கள்.

வாங்கிய பிறகு ஒன்பது வருடம், மாதத்துக்கு ஒரு முறையாவது அத்தை வீட்டுக்குப் போனோம். காஞ்சிபுரத்துக்கு அத்தையும் பல முறை வந்தாள். அப்பா கல்யாணங்களுக்கு வந்தார், எங்கெங்கோ மலைக்கோயில்களின் அடிவாரம் வரை வந்தார். இப்போது இருவருமே இல்லை. அந்த வண்டியில் தனியாகப் போகும்போது பின் சீட்டை நிமிர்த்தி வைக்க எனக்கு இன்னும் மனம் வருவதில்லை. வேடிக்கை என்னவென்றால், பொழுதுக்குப் பயந்து இரண்டு வருடம் வீட்டுக்குள் இருந்த மனிதர், பிறகு அத்தை வீட்டிலேயே மாலைச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளச் சொன்னால் கேட்கமாட்டார். தங்கையையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார். பாலாற்றங்கரை வரை போய், மேற்கே பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லி, பின்கதவைத் தூக்கி, அங்கேதான் இருவரும் சாப்பிடுவார்கள். அத்தையைத் திரும்பவும் வீட்டில் விட்டுவிட்டுத்தான் நாங்கள் காஞ்சிபுரம் போக வேண்டும். இதற்கு அவளை வீட்டிலேயே விட்டிருக்கலாமே என்று ஒரு நாள் கேட்டேன்.

"வூட்ல யாரு வேணா சாப்புடலாம்பா" என்றார்.